புளியங்கொட்டையும் முட்டை அட்டையும்

கேள்வி: எனக்கு எட்டு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் வெயில் தாழும்வரை அவர்களை வெளியே அனுப்ப முடிவதில்லை. வாங்கித் தரும் பொம்மைகளோ இரண்டே நாளில் மூலைக்குப் போய்விடுகின்றன. வீட்டில் இருப்பவற்றைக் கொண்டே விளையாட்டு ஏதாவது செய்து கொடுக்க இயலுமா?
– வாசகி, மதுரை.

பதில்: தாராளமாக இயலும். ஆனால் நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். மகளையே செய்யச் சொல்லுங்கள். பல்லாங்குழியிலிருந்து தொடங்கலாம். மரப்பலகை வாங்க வேண்டியதில்லை. முப்பது முட்டை வைக்கும் காகித அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழிகளே இருக்கும் என்பதால், இரண்டு வரிசைகளை வெட்டி எடுத்து, மீதமுள்ள அட்டையிலிருந்து இன்னும் இரண்டு குழிகளை ஓரத்தில் ஒட்டினால் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் கிடைத்துவிடும். குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டைகள் வேண்டும். அவற்றை நன்றாகக் கழுவி ஒரு நாள் முழுவதும் வெயிலில் காயவையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் உங்களுக்கு முன்பாக எறும்புகள் ஆடத் தொடங்கியிருக்கும்.

தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லாக் கொட்டைகளையும் எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியில் உள்ளதை அள்ளித் தொடர வேண்டும். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதைத் தனதாக்கிக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஏதேனும் ஒரு குழியில் சரியாக நான்கு சேர்ந்தால் அது 'பசு'. அந்தக் குழி யார் பக்கம் இருக்கிறதோ அவர் அதை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குழியில் தொடங்கினால் வெறுங்குழிக்கு முன்னால் போய் முடியும் என்று உங்கள் மகள் மனத்துக்குள் எண்ணத் தொடங்கிவிட்டால், நீங்கள் தோற்கத் தயாராகிக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய கொட்டைகளில் நான்கை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்த்தால் அவையே தாயக்கட்டைகள் ஆகும். டைல்ஸ் தரையில் இது நடக்காது. சொரசொரப்பான சிமென்ட் படியோ அம்மிக்கல்லோ வேண்டும். தேய்த்த சூட்டோடு தம்பியின் கையில் வைத்துப் பார்க்கும் ஆசை அக்காவுக்கு வரும் என்பதால் அருகில் இருங்கள்.

கேள்வி: அப்படியானால் நான்கு வயதுப் பையனை என்ன செய்வது? அவனுக்கும் கொட்டைகளைக் கொடுக்கலாமா?
– அதே வாசகி.

பதில்: தனியாக விட்டுக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் கொட்டை மூக்குக்கோ காதுக்கோ வாய்க்கோ போவதற்கு ஒரு நொடி போதும். அவனுக்குப் பெரிய பொருள்களே ஏற்றவை. மூன்று டம்ளர்களைக் கவிழ்த்து, ஒன்றனடியில் எலுமிச்சம்பழத்தை மறைத்து இடம் மாற்றிக் காட்டுங்கள். காலியான தண்ணீர் பாட்டில்கள் ஆறினை முக்கோணமாக நிறுத்தி, சுருட்டிய காலுறையை உருட்டி வீழ்த்தச் சொல்வதும் நன்று. பாட்டில்களில் நான்கு விரற்கடை அளவு தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கிவிடுங்கள். இல்லையேல் பையன் எறிவதற்கு முன்பே மின்விசிறிக் காற்று வென்றுவிடும்.

கேள்வி: நாங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். என் மகள் ஐந்தாங்கல் ஆடினால் கீழ்வீட்டார் சத்தம் என்று குறைப்படுகிறார்கள். நிறுத்திவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: விளையாட்டை நிறுத்த வேண்டாம், கல்லை மாற்றுங்கள். தையற்கடையில் கிடைக்கும் வெட்டுத்துணியை உள்ளங்கையில் பாதி அளவுக்குக் கத்தரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி பச்சரிசியை வைத்து, நான்கு பக்கமும் நெருக்கித் தைத்துவிட்டால் ஐந்து குட்டிப் பைகள் கிடைக்கும். அவை உருண்டோடாமல் போட்ட இடத்திலேயே கிடப்பதால் வாரி எடுப்பதும் எளிது. ஆகவே கல்லில் ஆடிப் பழகிய உங்கள் மகள் முதல் இரண்டு நாள்கள் இதை ஏமாற்று வேலை என்று சொல்லக்கூடும்.