கிளை இல்லாத எங்கள் ஊருக்கு வங்கிச் சேவை ஒழுங்காகக் கிடைக்க என்ன செய்யலாம்? கிளை கேட்டு மனு கொடுத்தால் நடக்குமா?

மனு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிளை கேட்டுக் கொடுக்கும் மனு பெரும்பாலும் கோப்பிலேயே தூங்கும். காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 மே மாதம் கொண்டுவந்த விதிப்படி, ஒரு வங்கி முகவர் (கிளைக்கு வெளியே வங்கி சார்பில் பணம் வாங்கிக் கொடுப்பவர்) ஒரே இடத்தில் நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் உட்கார்ந்தாலே அது வங்கிச் சேவை மையமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். உங்கள் ஊருக்கோ பக்கத்து ஊருக்கோ அப்படி ஒரு முகவர் பெயர் ஏற்கனவே பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம், அதாவது காகிதத்தில் உங்களுக்குச் சேவை வந்தாயிற்று. ஆகவே முதலில், பக்கத்திலுள்ள வங்கிச் சேவை இடங்களைக் காட்டும் ஜன்தன் தர்சக் செயலியில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள். எந்த வங்கி, எந்த முகவர், எங்கே உட்கார வேண்டியவர் என்று தெரிந்துகொண்டு, அவர் உண்மையிலேயே உட்காருகிறாரா என்று பாருங்கள். பிரச்சினையில் பாதி இங்கேயே புரிந்துவிடும்.

மீதிப் பாதி ரொக்கம். முகவரிடம் ஆதார் கைரேகை மிஷின் வந்துவிட்டால் பணம் வந்துவிடும் என்று நினைக்கிறோம். மிஷினுக்குள் பணம் இல்லை. பாட்டி விரல் வைத்து 1,000 ரூபாய் எடுத்தால், முகவர் தன் கையிலிருக்கும் நோட்டைத்தான் கொடுக்கிறார். அந்த 1,000 அவருடைய கணக்கில் எண்ணாக ஏறுகிறது. அதை மறுபடி நோட்டாக்க அவர் கிளைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். காலையில் 30,000 ரூபாயோடு உட்கார்ந்தவர் முப்பது பேருக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்ததும் கை காலி. நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறும் நாளிலும், மகளிர் உரிமைத் தொகை வரும் 15ஆம் தேதியை ஒட்டியும் மதியத்துக்குள் "சர்வர் இல்லைம்மா, நாளைக்கு வாங்க" என்று சொல்வதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

அதனால் முகவராக யார் வருகிறார் என்பது பெரிய விஷயம். படித்த பையன் ஒருவனுக்கு மிஷினை மட்டும் கொடுத்து உட்கார வைத்தால் மூன்று மாதம் தாங்காது. தினமும் ரொக்கம் வந்து விழும் இடம் வேண்டும்: மளிகைக்கடை, உரக்கடை மாதிரி. கல்லாவில் விழும் நோட்டு அப்படியே வெளியே போகும், கடைக்காரர் கணக்கில் ஏறும் பணத்தை மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிடலாம், கிளைக்கு ஓட வேண்டியதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களை முகவராக்கும் திட்டமும் உண்டு. நல்ல திட்டம்தான், ஆனால் குழுவின் சேமிப்பும் கடன் தவணையும் அவர் வழியாகவே கட்டப்பட்டால்தான் அவர் கையில் நோட்டு சேரும்.

முகவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் வருமானத்தைப் பாருங்கள். வேறு வங்கிக் கணக்கிலிருந்து ஆதார் வழியாகப் பணம் எடுத்தால், அந்த வங்கி தருவது தொகையில் 0.5 சதவீதம், அதிகபட்சம் 15 ரூபாய். ஆயிரத்துக்கு 5 ரூபாய். இடையில் உள்ள வங்கியும் நிறுவனமும் எடுத்தது போக மீதிதான் முகவருக்கு. இணையம், ரசீது ரோல், கிளைக்குப் போய்வரும் பெட்ரோல் எல்லாம் அதில்தான். அதனால்தான் சிலர் கையில் பத்து, இருபது கேட்கிறார்கள். வங்கி சார்பில் செய்யும் வேலைக்கு முகவர் வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே விதி. கேட்டால் கொடுக்காதீர்கள். அதே சமயம் கமிஷனை உயர்த்தச் சொல்லி மனுவில் எழுதுங்கள், இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். இன்னொன்று: 3,000 ரூபாயிலேயே அந்த 15 ரூபாய் உச்சம் வந்துவிடும். எனவே 9,000 கேட்டவருக்கு மூன்று முறை விரல் வைக்கச் சொல்வதில் முகவருக்கு லாபம். ஒரே தடவையில் 10,000 வரை எடுக்கலாம். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் மாதத்துக்கு 4 முறை எடுப்பதற்குத்தான் கட்டணமில்லை என்ற உறுதி இருக்கிறது, அதை இப்படிப் பிரித்து வீணாக்க விடாதீர்கள்.

விரல் விழாத பிரச்சினை களை பறிப்பவர்களுக்கும் சிமென்ட் வேலை செய்பவர்களுக்கும் அதிகம். கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, மிஷின் கண்ணாடியையும் துடைத்துவிட்டுப் பத்து விரலையும் முயல வேண்டும். கட்டை விரல்தான் என்று கட்டாயமில்லை. எதுவுமே விழாவிட்டால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். தபால்காரரும் ஒரு வழி. 2018இல் தொடங்கிய இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் அவர் வீட்டுக்கே வந்து, எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும் ஆதார் இணைந்திருந்தால் பணம் தருவார். தொகை பெரிதென்றால் முதல் நாளே சொல்லி வையுங்கள், அவரும் அஞ்சலகக் கையிருப்பைத்தான் எடுத்து வருகிறார்.

"ஃபெயில் ஆயிடுச்சு, இன்னொரு தடவை வைங்க" என்று சொன்னால், தோல்விக்கும் ரசீது கேளுங்கள். திரையில் இருப்பது இருப்புப் பார்ப்பதா, பணம் எடுப்பதா என்று கூட வரும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். கணக்கில் கழிந்து கையில் பணம் வராவிட்டால் 5 நாளுக்குள் திரும்ப வர வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019இலிருந்து இந்த விதி இருக்கிறது, கிளையில் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள். மோசடி என்று தெரிந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930ஐ அழையுங்கள். ஊரில் பலருடைய கணக்கில் பழைய, செத்துப்போன செல்பேசி எண்தான் இருக்கிறது, குறுஞ்செய்தி யாருக்கோ போகிறது. முதலில் அதை மாற்றுங்கள்.

"ஆதார் இணைச்சாச்சு, ஆனா பணம் வரலை" என்ற புலம்பலுக்கும் காரணம் உண்டு. ஆதாரை எத்தனை வங்கிக் கணக்கோடும் இணைக்கலாம். அரசு நேரடியாகப் போடும் பணம் மட்டும் கடைசியாக எந்த வங்கியில் அதற்கென ஒப்புதல் கொடுத்தீர்களோ அங்கேதான் போகும். ஆதார் இணையதளத்தில் அந்த வங்கியின் பெயரைப் பார்க்கலாம். பல சமயம் பணம் மறந்துபோன பழைய கணக்கில் பத்திரமாகக் கிடக்கும். இரண்டு வருடம் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கிய கணக்காக இருந்தாலும் உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். தமிழ் தெரியாத ஊழியர், தமிழில் இல்லாத படிவம், "ஃபில் பண்ணிட்டு வாங்க" என்ற ஒரே பதில். இதற்குப் பயந்தே கிளைப் பக்கம் போகாத பெரியவர்கள் எத்தனை பேர்! பேருந்துக் காசை விட இது பெரிய தூரம். வட்டார மொழியில் படிவம் வைக்க வேண்டியது வங்கியின் கடமை, கேட்டு வாங்குங்கள்.

மனுவுக்கு வருவோம். "கிளை வேண்டும்" என்று ஒரு வரியில் எழுதாமல், முகவர் உட்காரும் இடம், நேரம், எந்தெந்த நாளில் ரொக்கம் தீர்கிறது என்று எழுதி, சம்பள நாளில் கிளையிலிருந்து அவருக்கு முன்னுரிமையில் ரொக்கம் தரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து, மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் மாவட்ட வங்கியாளர் கூட்டத்தில் வைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். தனிப்பட்ட கணக்குப் புகார் என்றால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448, கட்டணமில்லாத எண். வங்கியில் கொடுத்த புகார் நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள், அது இல்லாமல் 30 நாள் கணக்கைக் காட்ட முடியாது.