வட்டி எந்தத் தொகையின் மீது?

வணக்கம் ஐயா,

நான் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா விசைத்தறித் தொழிலாளி. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் ரூபாய்க்குக் கல்விக் கடன் வாங்கியிருக்கிறோம்; வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று வங்கியில் சொன்னார்கள். சென்ற மாதம் கல்லூரியில் நடந்த நிதிக் கருத்தரங்கில் மொரட்டோரியம், ஏபிஆர், சிபில், எஸ்ஐபி, பணவீக்கம் என்று பேச்சாளர் சொல்லிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் விளங்கவில்லை. எழுந்து கேட்கவும் கூச்சமாக இருந்தது. விடுதித் தோழி வட்டியில்லாத் தவணையில் கைபேசி வாங்கிவிட்டு என்னையும் வாங்கச் சொல்கிறாள். இவற்றில் ஒரு மாணவி முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இத்தகைய கருத்தரங்குகள் பெரும்பாலும் முதலீட்டில் தொடங்குகின்றன. நீங்களோ சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே கடனாளி ஆகிவிட்டவர். ஆகவே கடனிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடன் தொடர்பான எந்தச் சொல்லைக் கேட்டாலும், வட்டி எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது, எத்தனை காலத்துக்கு, கடைசியில் நம் கையிலிருந்து போகும் மொத்த ரூபாய் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். அந்த மூன்றும் தெரியாதவரை சதவீதம் மட்டும் எதையும் சொல்லிவிடாது.

உங்கள் கடனையே எடுத்துக்கொள்வோம். மொரட்டோரியம் என்பது தவணை கட்டுவதற்குத் தரப்படும் அவகாசம். அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். கல்விக் கடனில் இக்காலத்துக்குத் தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. இருந்தாலும் முதலாண்டு வாங்கிய ஒரு லட்சத்துக்கு, படிப்புக் காலம் நான்கும் அதன்பின் ஓர் ஆண்டுமாக ஐந்து ஆண்டுகளில் 50,000 ரூபாய் வட்டி சேரும். அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000 என்று சேர்ந்து மொத்தம் 1,40,000 ஆகும். நீங்கள் தவணை கட்டத் தொடங்கும் நாளில் கடன் நான்கு லட்சமாக இராது, 5,40,000 ஆகியிருக்கும். பத்தாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 7,136 ரூபாய் வரும். வட்டியை அவ்வப்போது கட்டிவந்து, அசல் நான்கு லட்சத்துக்கு மட்டும் தவணை போட்டால் மாதம் 5,286 ரூபாய்தான். பத்தாண்டுகளில் இந்த வேறுபாடு 2,22,000 ரூபாய் ஆகிறது. அதைத் தவிர்க்க இடையில் கட்ட வேண்டியிருப்பது 1,40,000. வங்கியில் உங்களிடம் சொன்னது பொய்யன்று. ஆனால் ஒரு மாணவிக்கு அந்த வாக்கியத்தோடு இந்தக் கணக்கையும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இதைப் படித்துவிட்டு அப்பா வெளியில் கைமாற்று வாங்கி வங்கி வட்டியைக் கட்ட முனைந்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். நம் ஊர்களில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் அது மாத வட்டி. ஆண்டுக்கு 24 சதவீதம். பத்து சதவீதக் கடனைக் குறைப்பதற்காக இருபத்துநான்கு சதவீதக் கடனை ஏற்றுவது குடும்பத்தையே நெருக்கிவிடும். கையில் மிஞ்சுவதை மட்டும் கட்டுங்கள். மாதம் ஐந்நூறு ரூபாய் ஆனாலும் கணக்கில் பலன் உண்டு.

அடுத்தது, இருசக்கர வாகனக் கடனில் அடிக்கடி காதில் விழும் ஃபிளாட் வட்டி. 60,000 ரூபாய்க் கடன், ஓராண்டு, 12 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 7,200; மாதத் தவணை 5,600. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்து, கடைசி மாதத்தில் உங்கள் பாக்கி ஒரு தவணை அளவுக்குக்கூட இராது. வட்டியோ முதல் நாளின் 60,000 ரூபாய்க்கே முழு ஆண்டுக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் பாக்கியின் மீது கணக்கிட்டால் இதே கடனின் உண்மையான வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம். உங்கள் கல்விக் கடனின் 10 சதவீதத்தையும் இந்தப் பன்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோர் ஏமாறுவது இங்கேதான்.

தோழியின் கைபேசிக்கு வருகிறேன். 24,000 ரூபாய்க் கைபேசியை மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணையில், வட்டியில்லாமல் தருகிறோம் என்கிறார்கள். அதே கடையில் ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்கச் சொல்லுங்கள். 22,500 என்றால், விட்டுப்போன 1,500 ரூபாய்தான் வட்டி. செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90 என்று சேர்ந்தால் வட்டி 2,090 ஆகிவிடும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. இந்தக் கைபேசி உங்களுக்குத் தேவையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இலவசக் கடன் என்ற எண்ணத்தில் மட்டும் வாங்க வேண்டாம்.

இப்படி வட்டியையும் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகச் சொல்வதே ஏபிஆர். 2024 அக்டோபர் முதல், தனிநபர் தவணைக் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்த எண்ணை அச்சிட்ட ஒரு விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. கடன் செயலி ஒன்று உங்கள் கைபேசியின் தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டால் உடனே அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகள் 2022 முதலே அதற்கு இடமளிப்பதில்லை. அத்தகைய செயலிகளிடம் சிக்கிய மாணவர்கள் உறவினர்கள் முன் அவமானப்படுத்தப்படுவதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

கடன் பதிவுகளைத் திரட்டும் சிபில் நிறுவனம் தரும் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். பெரும்பாலும் நீங்கள் தவணையை நாள் தவறாமல் கட்டுகிறீர்களா என்பதன் பதிவு அது. கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடுவதால், நீங்கள் தவறினால் அப்பாவின் பதிவும் கெடும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம்.

எஸ்ஐபி என்பது, பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் பரஸ்பர நிதியில் மாதந்தோறும் ஒரு தொகையைப் போடும் முறை. அதில் உறுதியான வருமானம் கிடையாது. விலைவாசி ஏறும் வேகமே பணவீக்கம். சேமிப்பின் வட்டி அதைவிடக் குறைந்தால் பணத்தின் வாங்கும் சக்தி தேயும். இவ்விரண்டும் வேலைக்குச் சென்றபின் உங்களுக்குத் தேவைப்படும், இப்போது அவசரமில்லை.

அவசரமானது வேறொன்று. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, கல்வித் தரத்தை மதிப்பிடும் அமைப்புகளான நாக் அல்லது என்பிஏ-யின் அங்கீகாரமுள்ள இடத்தில் தொழில்நுட்பப் படிப்பு படிப்பவர்களுக்கு, மொரட்டோரியம் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அப்பாவின் தொழிலைப் பார்த்தால் நீங்கள் அதற்குத் தகுதி உடையவராக இருக்கக்கூடும். அப்படியானால் மேலே நான் போட்ட 1,40,000 ரூபாய்க் கணக்கே உங்களுக்குப் பொருந்தாது. கடன் வாங்கியபோதே இதற்கு விண்ணப்பித்தார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள். பிறகு வருவாய்த் துறையின் வருமானச் சான்றிதழோடு கிளைக்குச் சென்று, உங்கள் கணக்கு மானியப் பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் இனி சேர்க்க வழியுண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.