தூரிகைக் கேள்விகள்: பாட்டு வரிக்குள் ராஜு

கேள்வி: 'உப்பின் இப்பின்' கார்ட்டூன் ராஜுவை, விடியுமுன் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போகும் அம்மாவைப் பற்றிய ஒரு பாட்டு வரிக்கு வரைந்தேன். மரம், மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), வாளி, நிலா எல்லாம் இருந்தும் படத்தில் உயிர் இல்லை. பாலின் வெள்ளையும் நீலத்தில் கரைந்துவிட்டது.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வரியில் உள்ள அத்தனையையும் வரைந்ததுதான் சிக்கல். அதிலுள்ள வினைச்சொல்லை மட்டும் பிடியுங்கள்: 'போகிறாள்'. ராஜு முன்மரத்தருகே டார்ச்சோடு நிற்கட்டும். வெளிச்சம் மங்கில் விழட்டும். அம்மா மர நிரைக்குள் (மர வரிசைக்குள்) தூரத்தில், தலைவிளக்கின் சிறு புள்ளியாக இருந்தால் போதும். நிலா வேண்டாம்.

ராஜுவின் தலை-உடல் அளவை மாற்றாதீர்கள். மாற்றினால் வேறு பையனாகிவிடுவான். கார்ட்டூன் காட்சியை நிறுத்தி, உடல் எத்தனை தலை உயரம் என்று பென்சிலால் அளந்துகொள்ளுங்கள். ஏக்கத்தை முகத்தில் திணிக்காமல் தோளைத் தொய்ய விடுங்கள்.

சீவிய கோட்டிலும் கவனம் வேண்டும். எதிரே நின்று பார்த்தால் அது இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் ஏறத்தாழ 30 பாகை சரிந்து இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் எதிர்ச்சாய்வில் ஓடுவதால், அப்படிச் சீவினால்தான் நிறைய குழாய்கள் அறுபடும். இடவலம் மாறினால் தோட்டத்து ஆட்கள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள்.

வெள்ளைக்கு மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் தாளை மறைக்கும் திரவம்) பூசுங்கள். பெரும்பாலும் அதுவும் ரப்பர் பாலில் செய்ததுதான்! தடித்த 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளில், நீர்புகா மைப் பேனாவால் (0.3) கோடு போட்டு நன்றாகக் காயவிடுங்கள். பழைய தூரிகையைச் சோப்பு நீரில் நனைத்து, மங்குக்குப் பால் வழியும் இடத்தில் ஃப்ளூயிடை மெல்லிய கீற்றாகப் பூசுங்கள். சோப்பு இல்லாவிட்டால் தூரிகை மயிர் ஒட்டிப் பாழாகும். அது காய்ந்தபின் இண்டிகோ நீலத்தை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக ஏற்றுங்கள். வண்ணம் முழுதாகக் காய்ந்த பிறகே ஃப்ளூயிடை விரலால் உருட்டி எடுக்க வேண்டும். ஈரத்தில் எடுத்தால் தாளும் கிழியும். ஹேர் டிரையர் காட்டாதீர்கள்; சூட்டில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். நாள்கணக்கில் விட்டாலும் அதே கதிதான்.

கேள்வி: பாட்டு வரியை எழுதினால் எழுத்துகள் இடிக்கின்றன.

பதில்: மேலே 'கி', 'கீ' விசிறிக்கும் கீழே 'கு', 'கூ' சுழிக்கும் இடம் வேண்டும். எழுத்து 8 மில்லிமீட்டர் என்றால், கோட்டுக்குக் கோடு 16 விடுங்கள்.

கேள்வி: இந்தப் படத்தைத் தீபாவளிச் சந்தையில் விற்கலாமா?

பதில்: அனுமதி இல்லாமல் விற்காதீர்கள். ராஜு தயாரிப்பு நிறுவனத்தின் உடைமை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு வரிக்கான உரிமை எழுதியவர் இறந்து 50 ஆண்டுவரை நீடிக்கும். இரு தரப்பிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.