பரணில் கிடைத்த கோலி சோடா பாட்டில்களுக்கு சர்டிஃபிகேட் வாங்க வேண்டுமா?

கேள்வி: திருவாரூர் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. கொள்ளுத்தாத்தா 1891-இல் சோடா கம்பெனி தொடங்கினார். தாத்தா காலம் வரை ஓடியது. வீட்டை இடித்துக் கட்டலாம் என்று பரணை ஒழித்தபோது ஐம்பதுக்கு மேல் பழைய பாட்டில்கள் கிடைத்தன. பெரும்பாலும் கோலி சோடா பாட்டில்கள். பலவற்றில் எங்கள் கம்பெனி பெயரும் 1891 என்ற ஆண்டும் கண்ணாடியிலேயே புடைப்பாக இருக்கின்றன. சிலவற்றில் வேறு கம்பெனிகளின் பெயர். அடி உருண்டையாக, நிற்க வைக்கவே முடியாத ஒரு பாட்டிலும் உண்டு. வந்து பார்த்த புரோக்கர், "நூறு வருஷத்துப் பொருளைப் பதிவு செய்யாமல் வைத்திருந்தால் கேஸ் ஆகும். 15,000 ரூபாய் கொடுங்கள், தொல்லியல் துறை சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறேன். வெளிநாட்டில் ஒரு பாட்டில் லட்சத்துக்குப் போகும்" என்கிறார். எனக்கு இவற்றைச் சேர்த்து வைக்கத்தான் ஆசை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 15,000. கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த பல பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. புரோக்கர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான். வீட்டில் வைத்திருப்பதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது, அரசு தனியாக அறிவித்த வகைகளுக்கு மட்டும்: கல், உலோகம், மரம், சுடுமண், தந்தம் போன்றவற்றில் செய்த சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள். அந்தப் பட்டியலில் சோடா பாட்டில் கிடையாது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பாட்டில்களை நீங்கள் நிம்மதியாக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

இந்த விஷயத்தை நாலு வரியில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு தாலுகா ஆபீஸிலும் ஒட்டியிருந்தால் பாதிப் புரோக்கர்களுக்குப் பிழைப்பே போயிருக்கும். ஐம்பது வருஷம் ஆகியும் யாரும் ஒட்டவில்லை. நேரில் போய்க் கேட்டால், "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். பதில் வராது. அந்த இடைவெளியில்தான் சர்டிஃபிகேட் ஆசாமி நுழைகிறார். அரிசியை இழுக்கும் 'ரைஸ் புல்லிங்' கலசம், இருடியம் என்று ஊர் ஊராக ஏமாற்றிய கும்பல்களின் வழியும் இதே. முதலில் பயமுறுத்துவது, அப்புறம் கண்ணில் படாத ஒரு வெளிநாட்டுப் பார்ட்டி, கடைசியில் 'செலவுக்கு' அட்வான்ஸ். நிஜமாகவே வாங்க வந்தவன் உங்களுக்குப் பணம் கொடுப்பான், உங்களிடம் கேட்க மாட்டான்.

வெளிநாட்டுப் பேச்சே வேண்டாம். தொல்பொருள் என்று கருதப்படும் எதையும் தனியார் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. மாட்டினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. கூரியர் ரசீதில் இருக்கப்போவது உங்கள் பெயர், புரோக்கர் பெயர் அல்ல.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் வீட்டை இடிக்கப் போகிறீர்கள். பரணில் கிடைத்தது வேறு, மண்ணில் கிடைப்பது வேறு. சோடா கம்பெனிகளில் வாய் உடைந்தது, கழுத்து விரிசல் விட்டது எல்லாவற்றையும் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டுவார்கள். அஸ்திவாரம் பறிக்கும்போது அந்தக் குழி தட்டுப்பட நல்ல வாய்ப்பு இருக்கிறது. அங்கே 1878-இல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் வந்து நிற்கும். மண்ணுக்குள் மறைந்திருந்த, மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல்தான். தங்கமாக இருக்க வேண்டும் என்று இல்லை. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆமாம், பத்து ரூபாய். இன்று ஒரு சோடாகூட அந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம். உங்கள் தாத்தா கொட்டிய உடைசலைப் புதையல் என்று எந்தக் கலெக்டரும் கொண்டாடப் போவதில்லை. ஆனால் கொத்தனார் வெளியே போய், "அந்த வீட்டில் ஏதோ கிடைத்தது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே கூடிவிடும். அதனால் குழி தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி, இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகத் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட இழுத்தடித்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பரண் பாட்டில்களோடு மண் பாட்டில்களைக் கலக்கவே கலக்காதீர்கள்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். 1891 என்று போட்டிருப்பதால் அது 1891-இல் செய்த பாட்டில் ஆகிவிடாது. அது கம்பெனி பிறந்த வருஷம். 1950-இல் புதிதாகப் பாட்டில் வார்க்கக் கொடுத்தபோதும் உங்கள் தாத்தா பெருமையாக அதையே போட்டிருப்பார். கோலி பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார். அந்தக் காப்புரிமையைக் குறிக்கும் எழுத்தும் பல பாட்டில்களில் இருக்கும்; அதுவும் பாட்டிலின் வயது அல்ல. வியாபாரிகள் இந்த இரண்டையும் காட்டித்தான் விலையை ஏற்றுவார்கள்.

அடிப்பாகத்தை நனைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் வார்த்தவர் பெயரோ ஊரோ இருக்கலாம். அந்தக் காலத்தில் நம் ஊரில் இப்படிப் பாட்டில் வார்க்கும் தொழில் வேர் பிடிக்கவில்லை. இங்கிலாந்துக்கு ஆர்டர் கொடுத்து, கம்பெனி பெயரோடு வரவழைப்பார்கள். பார்ன்ஸ்லி என்ற இங்கிலாந்து ஊரின் பெயர் தெரிந்தால் உட்கார்ந்து பாருங்கள். அங்கே ஹைரம் காட்டின் கூட்டாளியாக இருந்த ரைலண்ட்ஸ் குடும்பத்தின் கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. டான் ரைலண்ட்ஸ் என்று இருந்தால் 1880-களுக்கு முந்தியது இல்லை; உங்கள் கம்பெனியின் தொடக்க காலத்துச் சரக்காக இருக்க நல்ல வாய்ப்பு.

பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு வாய் விளிம்பு வரை ஏறினால் இயந்திரத்தில் செய்தது, கீழேயே மறைந்தால் கையால் வாய் முடித்தது என்று ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும். அங்கே அது சரி. இங்கே கை வேலை வெகு காலம் தொடர்ந்தது, அதனால் கோடு மறைவதை மட்டும் வைத்து விக்டோரியா காலம் என்று முடிவு கட்டாதீர்கள். கண்ணாடிக்குள் குமிழி இருப்பதும் அப்படித்தான்.

புரோக்கர் கையில்கூடத் தொடாத அந்த உருண்டை அடிப் பாட்டில்தான் உங்களிடம் இருப்பதில் மிகப் பழையதாக இருக்கக்கூடும். ஹாமில்டன் பாட்டில் என்பார்கள். கோலி வருவதற்கு முன் வாயில் கார்க்தான். பாட்டிலை நிற்க வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கி சோடாவின் வாயு போய்விடும். படுக்க வைத்தே தீர வேண்டும் என்பதற்காகத்தான் நிற்காதபடி அடியைச் செய்தார்கள். பெல்ஃபாஸ்ட் ஊரின் ராஸ், கான்ட்ரெல் அண்ட் காக்ரேன் போன்ற கம்பெனிகள் இந்த வடிவத்தில் ஜிஞ்சர் ஏல் என்ற இஞ்சிச் சோடாவை பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்கக் கப்பலில் அனுப்பின. எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வடிவம் 20-ஆம் நூற்றாண்டிலும் கொஞ்ச காலம் நீடித்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

மற்ற கம்பெனிப் பெயர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். காலி பாட்டில் ஊர் மாறி, கம்பெனி மாறித் திரும்பி வருவது அந்தத் தொழிலில் சகஜம். இவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் கம்பெனி யாரோடெல்லாம் வியாபாரம் செய்தது என்பதை அவைதான் சொல்லும்.

கழுவுவதற்கு லேசான சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ் போதும். கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும். வெள்ளையாகப் பூத்திருப்பது பல சமயம் அழுக்கு இல்லை, கண்ணாடியே அரித்துப்போனது. எந்த ஆசிட்டும் அதைப் போக்காது. கழுத்தில் இறுகிப்போன ரப்பர் வாஷரைக் கத்தியால் நெம்பாதீர்கள், உதடு தெறித்துவிடும். கோலியை எடுக்க முயற்சி செய்யவே வேண்டாம். கோலிக்காகப் பிள்ளைகள் உடைத்ததால்தான் இவை குறைந்துபோயின, இங்கிலாந்திலும் அதே கதை.

விலை? பெயரில்லாத பச்சை கோலி பாட்டில் நூறுகளில் பேசும் பொருள். பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை போனால் உங்களுக்கே புரியும். ஊர்ப் பெயர், குடும்பப் பெயர் உள்ளதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு, ஆனால் அதை அதிகம் தேடப்போவது நீங்கள்தான். கருநீலம், ஊதா என்று யாராவது கொண்டுவந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பழைய நிறமற்ற கண்ணாடியில் மாங்கனீசு கலந்திருந்தால் வெயிலில் லேசாக ஊதா ஏறும். கதிர்வீச்சு காட்டி அதே நிறத்தைச் செயற்கையாகவும் ஏற்றுகிறார்கள். நீலக் கோலி பாட்டிலைப் புதிதாக வார்த்துப் பழசு என்று விற்பதும் உண்டு.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் எண் கொடுத்து, எழுத்து தெரியும்படி போட்டோ எடுத்து, எங்கே கிடைத்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பென்சிலில் எண் எழுதிய சீட்டை நூலில் கட்டுங்கள். செலோடேப் ஒட்ட வேண்டாம். பரணில் கணக்குப் புத்தகமோ பில் கட்டோ மாட்டினால் அதைக் கரையானிடமிருந்து முதலில் காப்பாற்றுங்கள். இங்கிலாந்திலிருந்து எந்த வருஷம் பாட்டில் வந்து இறங்கியது என்பது அதில் இருக்கலாம், அது பாட்டிலைவிட அரிது. புரோக்கர் மறுபடி வந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.