இரண்டு கோணம் போதும்: வடிவொத்த முக்கோணம், கேள்வி பதில்

கே: சார், ஒரு முக்கோணத்தில் 50, 60 பாகை. இன்னொன்றில் 60, 70. ஒரு கோணம்தான் பொருந்துகிறது, வடிவொத்தவை (ஒரே வடிவம், அளவு வேறாக இருக்கலாம்) அல்ல என்று எழுதினேன். தப்பு போட்டுவிட்டார்கள்.

ப: தப்புதான் தம்பி. 180இல் 110 போக முதலாவதில் மிச்சம் 70, 130 போக இரண்டாவதில் 50. ஆக இரண்டிலும் அதே 50, 60, 70. கொடுத்த கோணங்களோடு நிற்காமல் மூன்றாவதையும் கண்டுபிடித்துவிட்டு முடிவு எழுது. அப்புறம், பெயர் வரிசையைப் பார். கசட, தபம வடிவொத்தவை என்று எழுதினால் க-வும் த-வும் சமம், ச-வும் ப-வும் சமம் என்று பொருள். வரிசை புரண்டால் பக்க விகிதம் மொத்தமும் புரண்டுவிடும்.

கே: வடிவொத்தவை என்பதற்குக் காரணமாக கோ.கோ. (கோணம்-கோணம்) எழுதுவது சரியா, கோ.கோ.கோ. சரியா என்று டீச்சர் கேட்டால்?

ப: இரண்டும் ஒன்றுதான். இரண்டு கோணம் சமமானால் மூன்றாவது தானாக வந்துவிடும்.

கே: அப்போது சர்வசமம் (வடிவமும் அளவும் ஒன்று) என்றே எழுதலாமே?

ப: கூடாது. அளவைச் சொல்ல ஒரு பக்கமாவது வேண்டும்.

கே: பினாங்கில் இருக்கும் கொம்தார் கோபுரத்தின் உயரத்தை, அதன் நிழலைக் குச்சி நிழலோடு ஒப்பிட்டு வடிவொத்த முக்கோணத்தால் கண்டுபிடிக்கப் பையனோடு போனேன். ஏப்ரல் முதல் வாரம், மதியம் 1 மணி. ஒரு மீட்டர் குச்சிக்கு 10 செ.மீ. நிழல்கூட இல்லை, கொம்தார் நிழல் சாலைக்கே வரவில்லை. உங்கள் கோ.கோ. எங்கே போனது?

ப: அது எங்கேயும் போகவில்லை அண்ணே, நீங்கள் போன நேரம்தான் கோளாறு. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது நம் கடிகாரப்படி 1.20 வாக்கில், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலேயே நிற்கும். கட்டடம் சுமார் 250 மீட்டர், நிழல் 25 மீட்டருக்குள், அது கீழே கடைகள் இருக்கும் அகலமான அடித்தளத்தின் கூரையிலேயே விழுந்து முடிந்திருக்கும். காலையில் போங்கள். நிழலைச் சுவரிலிருந்து அளக்காதீர்கள், உச்சிக்கு நேர் கீழே இருக்கும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். பழைய கிரேக்க அறிஞர் தேலீஸ் பிரமிடை நிழலால் அளந்ததாகச் சொல்கிறார்களே, அங்கேயும் நிழலோடு அடிப்பக்கத்தில் பாதியைக் கூட்டினால்தான் கணக்கு வரும்.

கே: சூரியக் கதிர் விரிந்துதானே வருகிறது? கோணம் எப்படிச் சமமாகும்? அடிப்படையே தப்பு.

ப: 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதிலிருந்து வரும் கதிர், குச்சிக்கும் கொம்தாருக்கும் இணை என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டு முக்கோணத்திலும் ஒரு செங்கோணம், ஒரு கதிர்க் கோணம், அவ்வளவுதான். சண்டை போட வேண்டுமென்றால் வேறு இடம் காட்டுகிறேன்: சூரியத் தட்டு அரைப் பாகை அகலம், அதனால் அந்த உயரத்து நிழலின் விளிம்பு இரண்டு மீட்டருக்கு மேல் மங்கலாக விழும். எந்த இடத்தில் டேப்பை வைப்பீர்கள்?

கே: அப்படியானால் தெருவிளக்கு வெளிச்சத்தில் செய்ய முடியாதா?

ப: முடியும். ஆனால் கோணம் வேறு வழியில் வருகிறது. விளக்குக் கம்பமும் நீங்களும் தரைக்குச் செங்குத்து, உங்கள் நிழல் நுனியில் இருக்கும் கோணம் இரண்டு முக்கோணத்துக்கும் பொது.

கே: படத்தைப் பார்த்தாலே கோணம் சமம் என்று தெரிகிறது, காரணம் எதற்கு?

ப: படம் அளவுக்கு வரைந்தது என்று யார் சொன்னது? பொதுக் கோணமா, குத்தெதிர்க் கோணமா (இரண்டு கோடு வெட்டும் இடத்தில் எதிரெதிரே வருவது), இணைகோட்டால் வந்ததா, ஒன்றை எழுது. எழுதாவிட்டால் மார்க் இல்லை.

கே: கோ.கோ.வும் கோ.கோ.கோ.வும் ஒன்றா சார்?

ப: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: நாற்கரத்துக்கும் கோணங்கள் மட்டும் போதுமா?

ப: போதாது. சதுரம், நீள்சதுரம் இரண்டிலும் நான்கும் 90தான்.