சொந்த வீட்டை இணையத்தில் நானே விளம்பரம் செய்து விற்கப் போகிறேன். விளம்பரத்தை எப்படித் தயார் செய்வது?

எழுத உட்காரும் முன் அளவு நாடாவைக் கையில் எடுங்கள். என் வீட்டை நானே விற்றிருக்கிறேன். அதற்கு முன் வாங்குவதற்காக ஏராளமான விளம்பரங்களைப் படித்தும் இருக்கிறேன். ‘விசாலமான’, ‘அழகிய’, ‘காற்றோட்டமான’ என்ற சொற்களை நம்பி யாரும் புறப்பட்டு வருவதில்லை. எண்களை நம்பித்தான் வருகிறார்கள்.

ஒவ்வோர் அறையையும் உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை அளந்து எழுதுங்கள். வெளிப்புற அளவு 12க்கு 10 அடி, நான்கு பக்கமும் 9 அங்குலச் சுவர் என்றால் உள்ளே மிஞ்சுவது பத்தரைக்கு எட்டரை அடிதான். 120 சதுர அடி என்று நினைத்து வந்தவர் 89 சதுர அடியில் நிற்பார்! அதனால், நீங்கள் தரும் பரப்பளவில் சுவரின் கனமும் பால்கனியும் பொது இடங்களின் பங்கும் சேர்ந்திருக்கின்றனவா என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வாசற்கதவின் அகலத்தையும் குறிப்பிடுங்கள். கட்டிலும் பீரோவும் உள்ளே நுழையுமா என்பது வாங்குபவருக்குப் பெரிய கவலை; ஆனால் முதல் பேச்சிலேயே அதைக் கேட்கக் கூச்சப்படுவார்.

அளந்தவற்றை வைத்து ஒரு வரைபடம் போட்டு, படங்களோடு சேர்த்து ஏற்றுங்கள். கோடு நேராக இருந்தால் கையால் வரைந்ததே போதும். எந்த அறை வழியாக எந்த அறைக்குப் போக வேண்டும் என்பது எத்தனை புகைப்படங்களைப் பார்த்தாலும் பிடிபடாது.

புகைப்படங்களுக்குப் பகல் வெளிச்சம்தான் வேண்டும். பகலில் மஞ்சள் விளக்கையும் போட்டால் இரண்டு ஒளியும் கலந்து சுவரின் உண்மையான நிறம் மாறிவிடும். அறையின் மூலையில் நின்று, கைபேசியை நெஞ்சு உயரத்தில் படுக்கைவாட்டில் பிடியுங்கள். மேலோ கீழோ சாய்த்தால் சுவர்களும் சாய்ந்து தெரியும். கைபேசியில் இருக்கும் மிக அகலமான லென்ஸைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. அது ஓரங்களை இழுத்துக் காட்டி, சின்ன அறையைக் கூடம் போல் ஆக்கிவிடும். நேரில் வருபவர் கதவருகிலேயே முகம் சுருங்கி நிற்பார். அதன்பிறகு நீங்கள் சொல்லும் வேறு எதையும் அவர் முழுமையாக நம்பமாட்டார். குளியலறை, சமையலறைத் தொட்டியின் அடிப்பகுதி, மின்பெட்டி ஆகியவற்றையும் கட்டாயம் படமெடுங்கள். இவற்றைக் காட்டாத விளம்பரத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

படங்களை ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். குடும்பப் படங்கள், குழந்தையின் பள்ளிச் சீருடை, மருந்துச் சீட்டு, வண்டி எண், கண்ணாடியில் தெரியும் உங்கள் முகம் எதுவும் இருக்கக் கூடாது. சாவிக்கொத்தும் அப்படித்தான். படத்தை மட்டும் வைத்து மாற்றுச் சாவி உருவாக்க முடியும் என்பதைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2008இல் செய்தே காட்டினார்கள். கேமராவின் அமைப்புகளில் இடக்குறிப்பை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் படத்துக்குள்ளேயே வீட்டின் ஜி.பி.எஸ். புள்ளி பதிந்திருக்கும். பத்திரத்தின் படத்தைப் பொதுவில் ஏற்றவே வேண்டாம். ‘ஆவணங்களை நேரில் காட்டுகிறேன்’ என்று எழுதினால் போதும்.

குறைகளை மறைக்காதீர்கள். ஒரு சுவரில் ஈரம் இறங்குகிறது என்றால் எந்தச் சுவர், எப்போது இறங்குகிறது, என்ன பழுது பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நான் அப்படி எழுதியதால் அழைப்புகள் குறைந்தன. ஆனால் வந்தவர்கள் அந்தச் சுவரை நேராகப் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்ததாக விலையைப் பற்றித்தான் பேசினார்கள். வீட்டை முழுதும் பார்த்து, விலையும் பேசி முடித்த பிறகு ஒருவர் அந்த ஈரத்தைக் கண்டுபிடித்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

விலையை எண்ணாகவே போடுங்கள். ‘நேரில் பேசலாம்’ என்று மட்டும் எழுதினால், விலை வரம்பு வைத்துத் தேடுபவர்களின் கண்ணில் உங்கள் வீடு படாமலே போய்விடும்.

எல்லாம் முடிந்ததும், உங்கள் வீட்டுக்குள் ஒருமுறைகூட வராத நண்பரிடம் விளம்பரத்தைக் கொடுத்து, வாசலிலிருந்து பின்கதவு வரை வாயால் நடந்து காட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஒரு வரியோ ஒரு படமோ சேர்த்துவிட்டு வெளியிடுங்கள்.