செம்பனையில் கட்டலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய வீடு, ஐயா. அமெச்சூர் வானொலியின் 40 மீட்டர் அலைவரிசைக்கு, இருபுறமும் கம்பி நீளும் டைபோல் ஆண்டெனாவைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தில் கட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மட்டை விழுந்து என் கம்பி இரண்டு முறை அறுந்தது. நடுவில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் நட்டு, இருபுறமும் பத்துப் பத்து மீட்டர் கம்பியைச் சரிவாக இறக்குங்கள். சற்று நீளமாகவே வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் சக்தி ஆண்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு) பார்த்து நீளத்தைக் குறைக்கலாம். குழாய் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது. இதில் உயிரே இருக்கிறது.

அப்புறம் மழை. ஆண்டெனாவிலிருந்து வானொலிக்கு வரும் கேபிளின் இணைப்பில் தண்ணீர் புகுந்தால் எல்லாம் வீண். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சுவருக்குள் நுழையுமுன் கேபிளைக் கொஞ்சம் தாழ்வாக வளைத்துவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். வானம் கறுக்கும்போதே, இடி கேட்கக் காத்திராமல், கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள்.